ஒற்று மிகா இடம்

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். ஓய்வுபெற்றவளுக்கு ஆசிரியர் தினம் என்றால் கைபேசியில் வந்து குவிகிற ரோஜாப்பூப் படங்கள்தான். ஒருவன் ‘வாழ்த்துக்கல்’ என்று அனுப்பியிருந்தான். முப்பது வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதற்குக் கடைசியில் கல்லெறிதான் மிச்சம். ‘கள்’ என்று திருத்திப் பதில் போட்டேன். நன்றி சொல்லி அதற்கும் ஒரு ரோஜாப்பூ அனுப்பினான்.

சாயங்காலம் வேலாயுதம் சார் வந்தார். எங்கள் பள்ளியில் கணக்கு எடுத்தவர். எனக்கு நாலு வருஷம் முன்னதாக ஓய்வுபெற்றார். கையில் மஞ்சள் பை, பைக்குள் ஒரு கட்டுத் தாள்.

“நாவல் ஒண்ணு எழுதியிருக்கேன் டீச்சர்” என்றார், சர்க்கரை கூடிவிட்டது என்று சொல்கிறவர் குரலில்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பள்ளியில் நடந்த தகராறுதான் கதையாம். செயலர் தமிழ்வழி வகுப்புகளை மூடிவிட்டு எல்லாவற்றையும் ஆங்கிலவழி ஆக்கப் பார்த்தது, பிள்ளைகள் கொடிக்கம்பத்தடியில் உட்கார்ந்துகொண்டது, ஆசிரியர்கள் இரண்டு கட்சியாகி ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் திரிந்தது எல்லாம் வருகிறது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறார். தலைப்பு ‘மதிய மணி’.

“பிழை பாத்துத் தரணும். வல்லினம் எங்க மிகும், எங்க மிகாதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் பிடிபடல.”

இது ஊரறிந்த விஷயம். அவர் எழுதிய சுற்றறிக்கைகளை எல்லாம் நான் சிவப்பு மையால் திருத்தி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். அவரும் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை.

பெங்களூரில் இருக்கும் மகள் கோமதி, இங்கே வீட்டைக் காலி செய்துவிட்டு வந்துவிடச் சொல்லி நச்சரிக்கிறாளாம். மனைவி போய் இருபது வருஷம் ஆகிறது. தானே பொங்கித் தின்கிறார். மகள் சொல்வதில் தப்பில்லை. “நாவலை நீங்க படிச்சு முடிங்க. அதுக்கப்புறம் முடிவு பண்ணலாம்னு இருக்கேன்” என்றார். நாவலுக்கும் பெங்களூருக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

புதிய கைபேசி எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதே பழைய பச்சை மூடிப் பேனா. மை கசியாமல் இருக்கக் கழுத்தில் நூல் சுற்றி வைத்திருக்கிறார். இந்தக் காலத்தில் மைப் பேனாவைக் கட்டி அழுகிறவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

“வாரேன் டீச்சர்” என்று சொல்லிக் கிளம்பினார்.

நேற்றுதான் தலைக்குச் சாயம் போட்டிருந்தேன், நல்லவேளை. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

நாவலை ஒரே மூச்சில் படித்துவிட்டேன். குழாயில் தண்ணீர் வந்ததுகூடத் தெரியவில்லை. பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

கணக்கு வாத்தியாருக்கு இவ்வளவு கண் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொருவர் நெஞ்சுக்குள்ளும் கையை விட்டு உள்ளதை வெளியே எடுத்துப் போட்டிருக்கிறார். செயலர் ஆங்கிலவழி கேட்டது பிள்ளைகள் உருப்படுவதற்காக இல்லை. எதிர்த்த தெருவில் தம்பி நடத்துகிற பள்ளியைவிடத் தன்னுடையது மேல் என்று காட்டுவதற்கு. தலைமையாசிரியர் வாயை மூடிக்கொண்டிருந்தது, ஓய்வுபெறும்வரை யார் வாயிலும் விழக்கூடாது என்று. தமிழுக்காக மேசையைக் குத்திப் பேசிய டிராயிங் மாஸ்டருக்கு, மச்சினி கல்யாணத்துக்கு விடுப்புத் தரவில்லை என்ற கோபம். அத்தனையும் உண்மை. அப்போதே எங்களுக்கு அரசல்புரசலாகத் தெரியும். எழுத்தில் பார்க்கும்போது பாவமாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது.

ஒரே ஒருத்தர் கதைதான் விளங்கவில்லை. கதாநாயகன் சிவநேசன், கணக்கு ஆசிரியர். அதாவது இவரேதான். தமிழ்வழியை மூட ஆசிரியர்கள் எல்லாரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று செயலர் ஒரு தாளை நீட்டுகிறார். “நீங்க மூத்தவர், நீங்க போட்டா மத்தவங்களும் போட்டுருவாங்க, அடுத்த தலைமையாசிரியர் நீங்கதான்” என்கிறார். சிவநேசன் போடவில்லை. அத்தோடு திட்டம் கவிழ்கிறது. அவரும் கடைசிவரை தலைமையாசிரியர் ஆகவில்லை. நிஜத்திலும் அப்படியே நடந்தது.

ஆனால் ஏன் போடவில்லை? மற்ற எல்லாருடைய காரணத்தையும் தோண்டி எடுத்த மனிதர், தன் நெஞ்சுக்கு மட்டும் சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டுவிட்டார். தமிழ்ப் பற்று என்று சொல்ல முடியாது. ஒற்றே போடத் தெரியாதவருக்கு என்ன தமிழ்ப் பற்று.

இன்னொன்று. நாவலில் நான் இல்லை. தமிழாசிரியை என்று ஒருத்தி அந்தப் பள்ளியிலேயே இல்லை. தமிழ்வழிக்காக நடந்த சண்டையில் தமிழ் டீச்சரைக் காணோம். அந்த வகுப்புகளை மூடியிருந்தால் என்னைத்தான் உபரி ஆசிரியை என்று சொல்லி விளாத்திகுளம் தாண்டித் தூக்கிப் போட்டிருப்பார்கள். அப்போது அப்பா படுத்த படுக்கை. நான் போயிருந்தால் அவருக்கு ஒரு வாய்க் கஞ்சி கொடுக்க நாதி கிடையாது. அது வேறு விஷயம்.

நான் இல்லாததில் எனக்கு வருத்தமில்லை. கதையில் ஒரு குறை, அவ்வளவுதான்.

செப்டம்பர் 9, திங்கள்

பருப்பு அடிபிடித்துவிட்டது. பாத்திரத்தை ஊறப் போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 14, சனி

செல்லக்கனி வந்தாள். எங்கள் பள்ளியில் அறிவியல் எடுத்தவள், என் கூட்டாளி. ஒரு விஷயம் ஊருக்குத் தெரிய வேண்டும் என்றால் இவளிடம் ரகசியம் என்று சொன்னால் போதும். நாவல் தாள்களைப் பிடுங்கிப் புரட்டினாள்.

“ஏ அரசி, இந்த முறுக்கு டீச்சர் நான்தான? மனுசன் என் டப்பாவையா பாத்துக்கிட்டு இருந்தாரு?” என்று ரொம்ப நேரம் சிரித்தாள். அப்புறம், “ஆமா, நீ எங்க?” என்றாள்.

“நான் இல்ல.”

“நீ இல்லாமயா? ஸ்டாஃப் ரூம்ல உனக்கு எதுத்த நாற்காலிதான அவருக்கு. எத்தன வருசம். அங்கருந்து பாத்தா நீதான தெரிவ, ஜன்னலா தெரியும்?” என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

“முறுக்கு தின்னிருந்தா நானும் இருந்திருப்பேன்” என்றேன். அவளும் விடவில்லை. அவர் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று அவளுக்குத் தெரிந்த காரணங்களைச் சொன்னாள். செயலர் ஒருமுறை இவரை ‘ஏய்’ என்று கூப்பிட்டாராம், அந்த வன்மமாம். இல்லாவிட்டால் தலைமையாசிரியர் வேலையின் தலைவலிக்குப் பயந்தாராம். எதுவும் எனக்குப் பொருந்தவில்லை. வன்மம் வைக்கிற ஆள் இல்லை அவர். பயப்படுகிற ஆளும் இல்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

காலையிலிருந்து திருத்தம். கண் எரிகிறது. மனிதர் ஒற்று என்ற ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை போல எழுதியிருக்கிறார். வாழைபழம், கரும்பலகைகட்டை, பள்ளி கூடம். கூடம் தனியாகவும் பள்ளி தனியாகவும் கோபித்துக்கொண்டு நிற்கின்றன. பக்கமெல்லாம் சிவப்பாகிவிட்டது.

இரண்டு இடத்தில் ‘தந்த பேனா’ என்று வருகிறது. முதல் அத்தியாயத்தில் சிவநேசன் சட்டைப்பையில் தந்த பேனா. கடைசியில், செயலர் தாளை நீட்டும்போது, ‘தந்த பேனா பையில் இருந்தது. அதை எடுத்து அந்த தாளில் கையெழுத்து போட அவனுக்கு மனம் வரவில்லை’ என்று. தந்தத்தில் பேனா செய்து குத்திக்கொள்ளும் அளவுக்கு வசதியான கணக்கு வாத்தியாரை இந்த ஊர் கண்டதில்லை. கதை என்றால் கொஞ்சம் மினுக்கத்தான் செய்வார்கள் போலிருக்கிறது. இரண்டு இடத்திலும் ‘ப்’ போட்டேன். தந்தப் பேனா.

ஆனை வாங்கினவர் அங்குசத்துக்குக் கஞ்சத்தனம் பண்ணலாமா? ஒரு புள்ளி வைத்த எழுத்துத்தானே.

அக்டோபர் 2, புதன்

வேலாயுதம் சார் திருத்திய தாள்களை வாங்கிப் போக வந்தார். காபி கொடுத்தேன். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் கடைசி அத்தியாயத்தில் ஒரு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். சிவப்பு மை அதிகமாகிவிட்டது, மனிதருக்கு மனசு நொந்துபோயிற்று என்று நினைத்தேன்.

“எல்லாம் யோசிச்சுப் போட்டதுதானா டீச்சர்?” என்று கேட்டார்.

“யோசிக்காம நான் செவப்பு மையத் தொடுவேனா சார்?”

“அது சரி” என்றார். பக்கங்களைச் சேர்த்துத் தட்டி அடுக்கிவிட்டு மறுபடியும் “அதுவும் சரிதான்” என்றார்.

காபியைக் குடிக்கவில்லை. தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“அப்போ, போறேன் டீச்சர்.”

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டு யாராவது ‘போறேன்’ என்பார்களா? இத்தனை வருஷத்தில் ‘வாரேன்’ என்று சொல்லாமல் அவர் எழுந்ததில்லை. வாரேன் என்று சொல்லுங்கள் சார் என்று திருத்த வாயெடுத்தேன். அதற்குள் சைக்கிள் தெருமுனைக்குப் போய்விட்டது.

ஆம்பளைக்கு இவ்வளவு ரோஷம் கூடாது. பிழை இருந்தால் திருத்தத்தான் செய்வார்கள்.

அக்டோபர் 20, ஞாயிறு

செல்லக்கனி மூலமாகத்தான் தெரிந்தது. பெங்களூர் முடிவாகிவிட்டதாம். டிசம்பர் 3ஆம் தேதி ரயில். வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டாராம்.

நல்ல முடிவுதான். மகள் வீட்டில் வேளைக்குச் சோறு கிடைக்கும்.

முருங்கை மரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி. வேப்பெண்ணெய் கரைத்து அடித்தேன். சாயங்காலம்வரை எரிச்சல், கையில்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எனக்கு ஒருத்திக்கு இவ்வளவு அதிரசம் எதற்கு என்று சுட்ட பிறகுதான் தோன்றியது. செல்லக்கனியிடம் ஒரு டப்பா கொடுத்து, “அந்தப் பக்கம் போனா வேலாயுதம் சார் வீட்டுலயும் குடுத்துரு” என்றேன்.

“நான் அந்தப் பக்கம் போகலையே” என்றாள்.

“போனா குடுன்னுதான சொன்னேன்.”

போய்க் கொடுத்தாள். டப்பாவைக் கழுவித் திருப்பி அனுப்பியிருக்கிறார். வெறும் டப்பாவை அனுப்பக்கூடாது என்று உள்ளே கொஞ்சம் சர்க்கரை போட்டிருந்தார். இது தெரிகிற ஆளுக்குப் ‘போறேன்’ என்று சொல்லக்கூடாது என்பது தெரியாமலா இருக்கும்?

நவம்பர் 17, ஞாயிறு

புத்தகம் வந்துவிட்டது. வெளியீட்டு விழா டிசம்பர் 1. அதற்கு முன்னோட்டமாக இன்று வாசகர் வட்டத்தில் பேசினார்கள். வேலாயுதம் சார் வரவில்லை, வீடு ஒழிக்கிற வேலையாம்.

கல்லூரியில் தமிழ் எடுக்கும் முகில்வண்ணன் என்ற இளைஞர், என் பழைய மாணவர்தான், விளாசித் தள்ளினார். கதைமாந்தர் ஒவ்வொருவருக்கும் ஒரு மறைமுக நோக்கம் இருக்கிறது, சிவநேசனின் நோக்கம்தான் நாவலின் பூட்டு, தந்தப் பேனா அதன் சாவி என்றார். தந்தம் மன்னராட்சியின் குறியீடாம். சிவநேசனுக்குள் ஒரு மேட்டிமை மனம் ஒளிந்திருக்கிறதாம். விலை உயர்ந்த பேனாவைச் சாதாரணச் சம்மதத் தாளில் வைத்து அழுக்காக்க அவனுக்கு மனம் வரவில்லையாம். அவன் போராளி இல்லை, அகம்பாவிதான் என்று முடித்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். சைக்கிள் சங்கிலி கழன்றால் தானே மாட்டிக்கொள்கிற மனிதரைப் பார்த்து மேட்டிமை என்கிறார்.

அழைப்பிதழில் என் பெயருக்கு நேராக ‘ஆய்வுரை: கதைமாந்தரின் உள்நோக்கங்கள்’ என்று போட்டிருக்கிறார்கள். நான் இல்லாத நாவலுக்கு நான் ஆய்வுரை.

நவம்பர் 19, செவ்வாய்

செல்லக்கனி போன் பண்ணினாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக் கதை அவள் காதுக்கும் போய்விட்டது.

“யானைத் தந்தமாம்ல? மனுசன் யானைய நேர்ல பாத்திருப்பாரா? அந்தப் பச்சை மூடிப் பேனாவத்தான எழுதியிருக்காரு? அதுக்குப் போயி தந்தம் கிந்தம்னு ஏன் பூசி மெழுகணும்?”

“எந்தப் பேனா?”

“நூல் சுத்தி வச்சிருப்பாருல்ல. ஆசிரியர் தினத்துக்குப் பிள்ளைக குடுத்த பேனா உங்கிட்ட மலையாக் கெடந்துச்சே. எனக்கு ஒரு ஊதா குடுத்த. அவருக்குப் பச்ச. ‘இதையாவது தொலைக்காம வச்சிருங்க சார்’னு சொல்லிக் குடுத்த, ஸ்டாஃப் ரூமே சிரிச்சது. நீ தந்த பேனாதான அது?”

பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் பால் இல்லை.

நவம்பர் 20, புதன்

தந்த பலகை என்றால் ஒருவர் கொடுத்த பலகை. தந்தப் பலகை என்றால் தந்தத்தால் ஆன பலகை. ஒற்று மிகும் இடம், மிகா இடம். ஒன்பதாம் வகுப்பில் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டு நடத்தினேன்.

அவர் சரியாகத்தான் எழுதியிருந்தார். வாழ்நாளில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஒற்றைச் சரியாக விட்டிருந்தார்.

நவம்பர் 21, வியாழன்

இன்று பாத்திரம் கழுவும்போது தோன்றியதை எழுதிவிடுகிறேன்.

நான் நாவலில் இருந்தேன். இரண்டு இடத்தில் இருந்தேன். நான் தந்த பேனாவால், என்னை ஊரைவிட்டுத் தூக்கியடிக்கிற தாளில் கையெழுத்துப் போட அவருக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் அவருடைய உள்நோக்கம். அதற்காகத் தலைமையாசிரியர் நாற்காலியை விட்டிருக்கிறார். எதிர் நாற்காலியில் இருந்த வருஷமெல்லாம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் துணிந்தபோதும் ‘அவள்’ என்ற சொல்லை எழுதாமல் விட்டுத்தான் சொல்லியிருக்கிறார். அதைப் படிக்க வேண்டியவள் நான் ஒருத்தி. அதற்காகத்தான் திருத்தவே என்னிடம் கொண்டு வந்திருக்கிறார்.

நான் ஒரு ‘ப்’ போட்டு என்னையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். யோசிச்சுப் போட்டதுதானா என்று கேட்டார். யோசிக்காம தொடுவேனா என்று சொன்னேன். அவர் அதை என்னவென்று எடுத்துக்கொண்டிருப்பார்? ‘போறேன்’ என்றாரே.

அழுகையாக வருகிறது. அறுபத்தொரு வயதில் ஒரு மெய்யெழுத்துக்காக அழுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நவம்பர் 24, ஞாயிறு

மூன்று தடவை அவர் எண்ணை எடுத்தேன். ஒரு தடவை மணி அடித்தும்விட்டது, உடனே துண்டித்தேன். திருப்பிக் கூப்பிட்டு, “கூப்பிட்டீங்களா டீச்சர்?” என்றார். “தவறி விரல் பட்டுருச்சு சார்” என்றேன். “சரி” என்றார். இரண்டு பேரும் போனை வைக்காமல் கொஞ்ச நேரம் இருந்தோம். பின்னால் யாரோ அட்டைப்பெட்டியில் டேப் ஒட்டும் சத்தம் கேட்டது.

இதைப் போனில் எப்படிச் சொல்வது? ‘சார், அந்தப் ப் தப்பு’ என்றா?

விழாவுக்குப் புதுப்புடவை எடுத்தேன், அரக்குக் கரை. தீபாவளிக்கு எடுக்கவில்லை, அதனால்தான்.

டிசம்பர் 1, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நூலகத்து மாடி அரங்கம் நிறைந்திருந்தது. டிராயிங் மாஸ்டர்கூட வந்திருந்தார், தன்னைக் குத்தி எழுதியிருப்பது தெரியாமல். மேடையில் வேலாயுதம் சார் சலவைச் சட்டையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்து கும்பிட்டார். பழைய மாதிரி சிரிக்கவில்லை. சட்டைப்பையில் பச்சை மூடி தெரிந்தது.

முதலில் முகில்வண்ணன். தந்தம், மன்னராட்சி, மேட்டிமை மனம் எல்லாவற்றையும் இன்னும் நீட்டிப் பேசினார். சார் தலையைக் குனிந்துகொண்டார். மறுக்கவில்லை. அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும், நான் எழுதி வைத்திருந்த பேச்சு ஒன்றும் என் நினைவில் இல்லை.

என் முறை வந்தது. செயலரின் காரணம், தலைமையாசிரியரின் காரணம் என்று கொஞ்சம் பேசினேன். அப்புறம் சொன்னேன்.

“எல்லாரும் கையில புத்தகம் வச்சிருக்கீங்க. கடைசி அத்தியாயத்தை எடுத்துக்கோங்க. தந்தப் பேனான்னு இருக்கும். அதுல ஒரு பிழை இருக்கு. அது ஆசிரியர் விட்ட பிழை இல்ல, பிழை திருத்துனவ பண்ணுன பிழை. அது நான்தான். அந்தப் ப் அங்க வரக்கூடாது. பேனா இருந்தா எடுத்து அடிச்சிருங்க.”

அரங்கத்தில் சலசலப்பு. ஆசிரியை சொன்னால் பேனாவை எடுக்கிற பழக்கம் இந்த ஊரில் இன்னும் போகவில்லை. பாதிப் பேர் என் மாணவர்கள். தலைகள் குனிந்தன, எழுதுகிற சத்தம் கேட்டது.

“முதல் அத்தியாயத்துலயும் ஒண்ணு இருக்கு. அதையும் அடிங்க.”

முகில்வண்ணனும் அடித்தார். நல்ல பிள்ளை, கோபித்துக்கொள்ளவில்லை. புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “ப் எடுத்தா அர்த்தமே மாறுதே டீச்சர். தந்த பேனா. அப்போ, யார் தந்த பேனா?”

செல்லக்கனி முன்வரிசையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சார் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் பேச்சு நின்றுபோயிருக்கும்.

“எழுவாய் எழுதலைங்கறதால வாக்கியம் பிழையாகிறாது” என்றேன். “தோன்றா எழுவாய்னு நம்ம இலக்கணத்துல ஒண்ணு இருக்கு. உங்களுக்கும் நான்தான் நடத்துனேன். வாக்கியத்துல அது கண்ணுக்குத் தெரியாது. ஆனா அது இல்லாம அந்த வாக்கியமே இல்ல. சிவநேசன் ஏன் கையெழுத்துப் போடலைங்கறதுக்குக் காரணம் அங்கதான் இருக்கு. தெரிய வேண்டியவளுக்கு அது தாமதமாத்தான் தெரிஞ்சது. தெரிஞ்சிருச்சு. நன்றி, வணக்கம்.”

தெரிய வேண்டியவளுக்கு என்று சொன்னது வாயில் வந்த பிறகுதான் எனக்கே கேட்டது. அதற்கு நான் ‘ப்’ எதுவும் போடவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

ஏற்புரைக்கு வேலாயுதம் சார் எழுந்தார். ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றார். தன் பிரதியைப் பிரித்தார், பையிலிருந்து பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றி அடித்தார். முதல் அத்தியாயத்தையும் தேடி எடுத்து அடித்தார். கழற்றிய மூடியை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் மேசையெல்லாம் தேடினார். “வந்தவங்க எல்லாருக்கும் நன்றி” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். நான் கேட்டதிலேயே சின்ன ஏற்புரை அதுதான்.

கூட்டம் கலைந்து எல்லாரும் டீக்குப் போன பிறகு, படிக்கட்டில் இரண்டு பேரும் நின்றோம்.

“திருத்துன தாள்ல பாத்தப்பவே கேட்டிருக்கலாம்ல சார்?”

“கேட்டேனே டீச்சர். யோசிச்சுப் போட்டதான்னு.”

“அப்படியா கேப்பாங்க?”

“நீங்க தமிழ் டீச்சர். தெரியாமப் போடுவீங்கன்னு எனக்குத் தோணல. படிச்சிட்டீங்க, புரிஞ்சிருச்சு, ஊருக்குத் தெரியாம நாசூக்கா மூடிட்டீங்கன்னு நெனச்சேன். அதுதான் உங்க பதில்னு எடுத்துக்கிட்டேன்.”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. “கணக்கு வாத்தியார்தான நீங்க? விடை வந்ததும் சரிபாக்க மாட்டீகளா?”

“இந்தக் கணக்குல பயமா இருந்துச்சு” என்றார்.

செல்லக்கனி இரண்டு டம்ளர் டீயைக் கொண்டுவந்து கையில் திணித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கீழே இறங்கிப் போனாள். அவள் பேசாமல் போனது இதுதான் முதல் தடவை. இவர் டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

டிசம்பர் 3, செவ்வாய்

மத்தியானம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஒரே ஒரு பை வைத்திருந்தார்.

“பெட்டியெல்லாம்?” என்றேன்.

“பிரிச்சுட்டேன். பொங்கல் வரைக்கும்தான் இருப்பேன்னு கோமதிகிட்ட சொல்லியாச்சு. ஏன்னு கேட்டா. தமிழ் படிக்கணும்னு சொன்னேன்.” வீட்டுச் சாவியை நீட்டினார். “ஒரு துளசி இருக்கு. தண்ணி மட்டும் ஊத்தணும்.”

சாவியை வாங்கிக்கொண்டேன். வழிக்கு என்று கட்டி வைத்திருந்த புளியோதரைப் பொட்டலத்தைக் கொடுத்தேன். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். வேலாயுதம் சார் படியிறங்கி, பாதியில் நின்று திரும்பினார்.

“அப்போ, போ...” என்று ஆரம்பித்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“போயிட்டு வாரேன் டீச்சர்.”

இதில் திருத்த ஒன்றுமில்லை.